மாமியாருக்கு வைத்த பொட்டு

மதுரையில் உள்ள எங்கள் சோதனை மையத்தின் நடுக்கூடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாதது. நாங்கள் மாமியார் என்போம். யார் எதைச் செய்து கொண்டுவந்து வைத்தாலும், "நீ சொன்ன மாதிரியேதான் செய்தேன், எனக்கு வரவில்லையே" என்று உதட்டைப் பிதுக்குவதுதான் அதன் வேலை.

செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் பெருகிப்போனதால் வந்த சட்டம் இது. ஆய்வகத்தில் செய்த எந்த ஆய்வானாலும், எழுதியிருப்பதை வரிக்கு வரி ஓர் இயந்திரம் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் பட்டம் கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. திரும்பச் செய்ய முடியாவிட்டால் அது என்ன விஞ்ஞானம்? சட்டம் வந்தபோது நானும் கைதட்டியவள்தான்.

என் பெயர் மங்கையர்க்கரசி. நுண்ணுயிரியலில் முனைவர். மாணவர்கள் அனுப்பும் கிருமியையும் மருந்தையும் வாங்கி மாமியாரின் வாசலில் வைப்பது, முடிவு வந்ததும் திரையில் கட்டைவிரலை அழுத்தி ஒப்புவது, இதுதான் என் உத்தியோகம். பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே கட்டைவிரல்தான்.

பட்டம் வாங்கினால் பேராசிரியர் ஆகலாம் என்று சேரும்போது சொல்வார்கள். எங்கள் செட்டில் ஆனவர் ஒருவர்கூட இல்லை. ஒருத்தி அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீடு போடுகிறாள். ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் ஆய்வகச் சாமான் விற்கிறான். இன்னொருத்தி காளான் வளர்க்கிறாள். எங்களில் வசதியாக இருப்பது அவள்தான். ஆரோக்கியம் என்று ஒருவன் இருந்தான். கிருமிக்கான கூழைக் காய்ச்சி, சூடாகத் தட்டில் ஊற்றி உறையவைக்கும் வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நாங்கள் ஊற்றினால் குமிழ் வரும், பூஞ்சை பிடிக்கும். கைராசிக்காரன் என்று சொல்லிச் சொல்லியே எல்லோருடைய தட்டுகளையும் அவன் தலையில் கட்டினோம். நான் சோதனைகளை முடித்து எழுத உட்கார்ந்த சமயத்தில், அவன் ஆய்வே வேண்டாம் என்று வங்கிப் பரீட்சை எழுதிப் போய்விட்டான். இப்போது திண்டுக்கல்லில் ஒரு கிளைக்கு மேலாளர்.

என் ஆய்வு தோல் பதனிடும் கழிவு மண்ணிலிருந்து எடுத்த ஒரு கிருமியைப் பற்றியது. நீலச் சாயம் கலந்த தட்டில் வைத்தால் தன்னைச் சுற்றியுள்ள சாயத்தைத் தின்றுவிட்டு, வெளேரென்று ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்துக்காகத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அப்போது மாமியார் வரவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெருமையாகப் பார்க்கலாமே என்ற ஆசையில், என் கிருமியையே ஒருநாள் மாமியாரிடம் கொடுத்துப் பார்த்தேன். கிருமி வளர்ந்தது. வட்டம் வரவில்லை. மூன்று தடவையும் சிவப்பு.

யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே. அதற்குப் பிறகு எந்தக் கல்லூரிக்கும் நான் விண்ணப்பம் போடவில்லை. நேர்முகத்தில் "உங்கள் ஆய்வு என்ன?" என்று கேட்பார்கள், எனக்கு நாக்கு எழாது. அந்த வட்டத்தை நான் கண்ணால் பார்த்தேனா, பார்த்ததாக ஆசைப்பட்டேனா என்றே குழம்பிப்போனேன்.

இந்த நிலையில்தான் ஜெசிந்தா வந்தாள்.

ஆய்வு மாணவர்கள் எங்களைச் சந்திக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஆயுத பூஜை அன்று மையத்தின் கதவு திறந்திருக்கும், வருகிறவர்களுக்கெல்லாம் பொரி கொடுப்போம். நான் பாத்திரம் கழுவும் அறையில் பூஜைச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"அக்கா, நான் ஜெசிந்தா மச்சாது. தூத்துக்குடி. ரெண்டு செவப்பு வாங்குனவ."

"நீங்க இங்க நிக்கக் கூடாதும்மா. உங்ககூடப் பேசுனேன்னு தெரிஞ்சாலே எனக்கு வேலை போயிரும்."

"பூஜைக்குத்தான வந்திருக்கேன். பொரி வாங்கிட்டுப் போயிருதேன்."

பொரியை வாங்கிக்கொண்டாள். போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. அவள் ஆய்வை நான் படித்திருந்தேன். உப்பளத்துப் பாத்தியிலிருந்து எடுத்த கிருமி. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில், எந்த மருந்துக்கும் அடங்காமல் இருந்துகொண்டு காலையே எடுக்கவைக்கும் கிருமிகளை அது கொல்கிறது என்று எழுதியிருந்தாள். படங்களும் இருந்தன. மாமியார் இரண்டு முறை செய்து பார்த்தாள். கிருமி வளரவே இல்லை.

"எங்க சார் வச்சுப் பாத்தாரு, வளரல. கூடப் படிக்கிறவங்க வச்சாங்க, வளரல. உங்க மிஷின் வச்சுது, வளரல. எனக்கு மட்டும் வளருது. அப்ப என்னய என்னன்னு சொல்லுவாங்க?"

"கையுறை போட்டுத்தான செய்றீங்க?"

"தீ பக்கத்துல கையுறை எப்படிக்கா போட? உருகி ஒட்டிக்கிடும்லா."

அதுவும் சரிதான். நம் ஆய்வகங்களில் பாதிப்பேர் வெறுங்கையில் ஸ்பிரிட்டைத் தேய்த்துக்கொண்டுதான் விளக்கின் முன்னால் உட்காருவோம்.

"ஸ்பிரிட்டாவது போடுவீங்களா?"

"ஸ்பிரிட் பட்டா எனக்குக் கை வெடிச்சிரும். சோப்பு போட்டுக் கழுவிட்டு உக்காந்திருவேன்."

அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நான் யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க சாரு தீஸிஸை வாபஸ் வாங்கிரு, கௌரவமாப் போயிருங்காரு. பட்டம் போனாக்கூடப் போட்டும்க்கா. அது வளந்தத நான் பாத்தேன். ஏழு வருசமாப் பாத்தேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு, பாத்தேனா இல்லையான்னு."

அவள் கேட்டது அவளுடைய கேள்வி மட்டுமல்ல. நான் அவள் இரண்டு கைகளையும் எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். வேர்த்திருந்தன. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவள் அழுதாள். அழுது முடிக்கிறவரை கையை விடவில்லை.

அவள் போவதற்கும் இயக்குநர் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது. கை கழுவ நேரமில்லை. ஓடிப்போய்ச் சந்தனப் பொடியை உள்ளங்கையில் கொட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன்.

இயக்குநர் சௌந்தரபாண்டியன் பக்திமான். நல்ல மனிதர்தான். மாமியாருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினோம். நான் வழக்கம்போல் கூண்டின் கதவில் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"வேலை செய்றது கையி. பொட்டு மட்டும் கதவுக்கா? கைக்கு வைங்க அரசிம்மா," என்றார்.

"உள்ள எதுவும் படக் கூடாது சார்."

"நாளைக்குக் காலைல அந்த ஊதா லைட் போடத்தான போறீங்க. எல்லாம் செத்துரும். வைங்க."

கூண்டைத் திறந்து, மாமியாரின் எஃகு மணிக்கட்டில் என் விரலால் தடிப்பாக ஒரு பொட்டு வைத்தேன். குங்குமமும் வைத்தேன். பூஜைப் பொட்டை உடனே துடைக்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். மறுநாள் விஜயதசமி, தொடங்க நல்ல நாள். வரிசையில் முதலாவதாக ஜெசிந்தாவின் மூன்றாவது வாய்ப்பு நின்றது. ஊதா விளக்கைப் போட்டு அணைத்தேன். பொட்டின் மேல்பக்கம் செத்திருக்கும். அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் போகாது என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் பச்சை எரிந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டைவிரலை நீட்டியவள், அந்தப் பெண்ணைப் படாதபாடு படுத்திய கிருமியை ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று தட்டைக் கையில் எடுத்தேன். கிருமி வளர்ந்திருந்தது, ஆனால் தட்டு முழுக்க இல்லை. அங்கங்கே கடுகு மாதிரி மஞ்சள் துணுக்குகள் கிடந்தன. ஒவ்வொரு துணுக்கையும் சுற்றி மட்டும், இளஞ்சிவப்பாக, கூட்டமாக வளர்ந்திருந்தது. துணுக்கு இல்லாத இடம் வெறுமனே கிடந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம்.

மாமியாரின் மணிக்கட்டைப் பார்த்தேன். பொட்டு காய்ந்து உதிர்ந்து பாதிதான் இருந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.

"சந்தனம் எப்படி உள்ள போச்சு?"

"நீங்கதான சார் கைக்கு வைக்கச் சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார். பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது போல. "உக்காருங்க. பச்சை விழுந்திருச்சு. அந்தப் பொண்ணு பாவம், பட்டத்தை வாங்கிட்டுப் போகட்டும். நீங்களும் நானும் நிம்மதியா இருப்போம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"செல்லாதுன்னு போட்டா?"

"மூணாவது வாய்ப்பும் போனதுதான். அந்தப் பொண்ணு புதுசா எழுதி, புதுசாப் பதிவு பண்ணி, முதல்லருந்து வரணும். கூண்டைத் திறந்ததுக்கு விசாரணை வரும். உங்களை வச்சிருக்க முடியாது. என்னையும் சும்மா விட மாட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் யோசிங்க."

நான் ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டேன். அவள் ஊருக்குப் போகாமல் மதுரையிலேயே ஒரு விடுதியில் இருந்தாள். மையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒரு விதியை மீறியாயிற்று, இனி இரண்டாவதற்கு என்ன பயம்?

"பச்சை," என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். நான் போனில் தட்டின் படத்தைக் காட்டினேன். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. அழுத பெண் போய், ஏழு வருடம் தட்டுகளையே பார்த்தவள் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த மஞ்சள் என்னக்கா?"

"சந்தனம். பூஜைக்கு வச்சது."

"சந்தனத்துல இது வளராதே. எதுல குழைச்சிய?"

"உள்ளங்கையில."

"அதுக்கு முன்னாடி?"

"உன் கையைப் பிடிச்சிட்டிருந்தேன்."

அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள்.

"என் கையில ஒண்ணு இருக்கு," என்றாள் மெதுவாக. "அது எதையோ குடுக்கு. அதத் தின்னுதான் இது வளருது. அதான் சாருக்கு வரல, அவரு கையுறை போடுவாரு. மத்தவங்க ஸ்பிரிட் போடுவாங்க. மிஷினுக்கு இருக்கது இரும்புக் கை."

"உறை ஊத்தாம தயிர் கேட்ட மாதிரி ஆயிருச்சு."

சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்புறம் நான் இயக்குநர் சொன்னதையும் சொன்னேன். கட்டைவிரலை வைத்தால் இன்றைக்கே அவள் முனைவர். ஆனால் அவள் எழுதியதில் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை நம்பி மருந்து செய்யப் போகிறவனுக்குக் கிருமி வளராது. வைக்காவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை, எனக்கு வேலை இல்லை.

"போட்டுருங்கக்கா," என்றாள் உடனே. "எனக்குத் தெம்பு இல்ல. இன்னொரு தடவ முதல்லருந்து என்னால முடியாது. பட்டம் வந்தப்புறம் கையைப் பத்தித் தனியா எழுதிக்கிடுதேன்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பொய் சொல்வானேன், பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். ரோட்டைக் கடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தத் தட்ட என்ன செய்விய?"

"பச்சைன்னா அன்னைக்கே எரிச்சிருவாங்க. தகராறுன்னாதான் பத்திரமா வைப்பாங்க."

அவள் நடுரோட்டில் நின்றாள். ஒரு ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே போனார்.

"எனக்கு மட்டும் ஏன் வளருதுன்னு காட்ட அது ஒண்ணுதான இருக்கு," என்றாள். "மறுபடி சந்தனம் வச்சுச் செய்யுங்கன்னா உங்க மிஷின்ல செய்வாங்களா? பட்டம் வாங்கின பெறகு வந்து சொன்னா, மாட்டிக்கிட்டதும் கதை கட்டுதான்னுதான சொல்லுவாங்க."

எதைச் செய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏழு வருடம் அவளுடையது.

"செல்லாதுன்னு போட்டுருங்கக்கா. தட்ட எரிக்க விட்டுராதிய," என்றாள். பிறகுதான் நினைவு வந்தவளாக, "உங்க வேல?" என்றாள்.

"தட்டு எடுத்து வைக்கிற வேலைதான. எங்கயாவது கிடைக்கும்," என்றேன். அப்போது அதை நான் நம்பவில்லை.

திரையில் அதே கட்டைவிரலை வைத்தேன். செல்லாது. தட்டு முத்திரையோடு குளிர்பெட்டிக்குப் போனது. மாதம் முடிவதற்குள் நானும் வெளியே போனேன். இயக்குநரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். எனக்கு அவர்மீது கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். பாடம் நடத்தும்போது, நான் சிவப்பு வைத்து அனுப்பியவர்கள் நினைவுக்கு வருவார்கள். அதில் திருடர்கள் உண்டு, சந்தேகமே இல்லை. ஒரு கை மட்டும் தேவைப்பட்டவர்கள் எத்தனை பேரோ?

தன் கையிலிருந்து மட்டும் எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று, ஜெசிந்தா இரண்டு முறை மதுரைக்கு வந்து என் உள்ளங்கையைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் கையில் இருந்த துணைக்கிருமி என் கையிலும் குடியேறியிருந்தது. அதைத் தனியே பிரித்து வளர்த்து, உப்பளத்துக் கிருமியோடு சேர்த்துக் கொடுத்தால் யார் வைத்தாலும் வளர்ந்தது. அவளுடைய சாருக்கும் வளர்ந்தது. புதிதாக எழுதி, புதிதாகப் பதிவு செய்து, மாமியாரிடம் போனாள். முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டது இயக்குநர்தான்.

"அரசிம்மா, மாமியார் ஒத்துக்கிட்டா. முதல் தடவையே பச்சை." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்த வருஷம் பொட்டு கதவோட சரி," என்றார். என் கோபம் அத்தோடு போயிற்று.

ஆய்வேட்டின் பிரதி தபாலில் வந்தது. பிரித்ததும், எல்லோரையும் போல நானும் நன்றியுரையைத்தான் முதலில் தேடினேன். அங்கே என் பெயர் இல்லை. உள்ளே, சோதனைக்குப் பயன்படுத்திய பொருட்களின் வரிசையில் இருந்தது. உப்பு, கூழுக்கான அகார், அதற்கடுத்து உள்ளங்கை: முனைவர் மங்கையர்க்கரசி, மதுரை. ஆய்வில் என் பெயர் வர வேண்டும் என்று காலமெல்லாம் ஆசைப்பட்டவள் நான். சாமானோடு சாமானாக வரும் என்று நினைக்கவில்லை. போனில் கூப்பிட்டு அவளைச் செல்லமாகத் திட்டினேன்.

"நன்றியுரைல எழுதுனா மாமியார் அதையெல்லாம் படிப்பாளாக்கா?" என்றாள். "அது கெடக்கட்டும். உங்க நீலச் சாயக் கிருமி இருக்கா?"

என் மூன்று சிவப்பை நான் சொல்லியிருந்த ஒரே ஆள் அவள்தான். இருந்தது. மண்ணோடு காயவைத்து, குழாயில் அடைத்து, பீரோவில் பட்டுச் சேலைகளுக்குக் கீழே. அந்த வகைக் கிருமி சாகாது, வருடக்கணக்கில் தூங்கும்.

அவளுக்குத் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. போனேன். அவளே கூழ் காய்ச்சி நீலத் தட்டு ஊற்றித் தந்தாள். மேசை முன்னால் உட்கார்ந்து, பழக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் என் கிருமியைத் தட்டில் இழுத்தேன். ஒரு தட்டில் என் கை, ஒரு தட்டில் ஜெசிந்தாவின் கை.

மறுநாள் கிருமி வளர்ந்திருந்தது. சாயம் நீலமாகவே இருந்தது. அதற்கும் மறுநாள் பார்த்தோம். அதே நீலம்.

துக்கமாக இருந்தது. என்னதான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாலும், எதிர்பார்த்துத்தானே பஸ் ஏறினேன். "விடு ஜெசி. மாமியார் சொன்னது சரிதான்," என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதான என்னய நம்புனிய. உங்கள நம்ப மாட்டியளா? அன்னைக்கு என்ன செஞ்சியன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். மண்ணைக் கரைத்தது, கம்பியைச் சுட்டது, தட்டை எடுத்தது.

"தட்ட ஊத்துனது யாரு?"

என் தட்டுகளையெல்லாம் ஊற்றியது ஆரோக்கியம்.

அவன் எண் இன்னும் போனில் இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அரசியா? என்ன அதிசயம்! லோன் எதுவும் வேணுமா?"

"லோன் வேண்டாம் ஆரோக்கியம். ஒரு நாள் லீவு போட்டுட்டுத் தூத்துக்குடி வர முடியுமா?"

"எதுக்கு?"

"தட்டு ஊத்தணும். கையுறை இல்லாம."

வங்கியில் யாரோ டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் கேட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கும் சத்தமும் கேட்டது.

"எத்தனை தட்டு?" என்றான்.